நான்காம் பொருளுக்கு ஓர் எடுத்துக்காட்டு

அகராதி அலுவலகத்தில் அவளை எல்லாரும் அட்டையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கைப்பையில் எப்போதும் ஒரு கட்டு வெள்ளை அட்டை இருக்கும். யாராவது வாயைத் திறந்து ஒரு நல்ல வாக்கியம் சொல்லிவிட்டால் போதும், அடுத்த நிமிடம் அது அட்டையில் ஏறிவிடும். எழுதுகிற அட்டையா, ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற அட்டையா என்று யாராவது கேட்டால், "ரெண்டும்தான்" என்பார் அவளுடைய கணவர். பாவம், அனுபவப்பட்டவர். போன பதிப்பில் 'சலி' என்ற சொல்லுக்குக் கீழே "எனக்குச் சலிச்சுப் போச்சு, நீயாச்சு உன் அட்டையாச்சு" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குளியலறைக் கதவுக்குள்ளிருந்து துண்டு கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய் அவர் சொன்னது.

பழக்கம் அவளுடையது என்றாலும் சட்டம் தலைமைப் பதிப்பாசிரியருடையது. எடுத்துக்காட்டு வாக்கியத்தை யாரும் உட்கார்ந்து கற்பனை செய்யக் கூடாது. உயிரோடு இருக்கும் ஒருவர் நிஜமாகவே பேசியதாக இருக்க வேண்டும். சொன்னவரின் தொழில் அல்லது உறவு, சொன்ன இடம், மாதம் மூன்றையும் அட்டையின் அடியில் குறிக்க வேண்டும். முக்கியமாக, வாக்கியத்தில் கை வைக்கக் கூடாது. "ஒரு சொல்லை வெட்டினாலும் அது அவங்க சொன்னது இல்ல, நீங்க சொன்னது" என்பார் அவர். அவர் அப்படிச் சொன்னதையும் 'வெட்டு' என்ற சொல்லுக்கு அட்டையக்கா எழுதிவைத்துவிட்டாள்.

அடிக்குறிப்பெல்லாம் விற்பனைக்கு வரும் புத்தகத்தில் வராது. ஆனால் அதற்கு முன்னால் மாதிரிப் பக்கங்கள் என்று அச்சடித்து, நாற்பது வாசகர்களுக்கு அஞ்சலில் அனுப்புவார்கள். அவற்றில் எல்லாமே இருக்கும். ஓய்வுபெற்ற டாக்டர், தையற்கடைக்காரர், வக்கீல், பள்ளி ஆசிரியர்கள் என்று நாற்பது பேரும் படித்து, ஓரத்தில் தங்கள் கருத்தை எழுதித் திருப்பி அனுப்புவார்கள். வருகிற உறைகளைப் பிரித்து அடுக்குவது அட்டையக்காவின் வேலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வில்லங்கம் இந்த வழியாகத்தான் வந்தது.

அந்த ஆண்டு அவள் கைக்கு வந்த சொற்களில் ஒன்று 'பரப்பு'. சாதுவான சொல்தான். குவியலை அகலமாக்குவது முதல் பொருள்: "கோதுமையை வெயில்ல பரப்பிட்டு வந்துடறேன்", மாவு மில்லில் வேலை செய்யும் பெண் சொன்னது. இடம் முழுக்கப் பொருள்களை வைப்பது இரண்டாவது: "மேசை பூரா அட்டையைப் பரப்பி வெச்சிருக்கியே, நான் எங்க உக்காந்து சாப்பிடறது?" யார் சொன்னது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது, கைகால்களை அகட்டுவது: "காலைப் பரப்பிக்கிட்டு உக்காராதீங்க சார், மத்தவங்களும் உக்காரணும்", பஸ் கண்டக்டர். விரி, தூவு, இறை, சிதறு என்று அக்கம்பக்கத்துச் சொற்களோடு எல்லைத் தகராறு இல்லாமல் இந்த மூன்றும் அழகாக உட்கார்ந்துவிட்டன.

நான்காவதுதான் மக்கர் செய்தது. செய்தியை, நோயை, எண்ணத்தைப் பலரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அவளிடம் இருந்ததெல்லாம் செய்தித்தாள் வாக்கியங்கள். 'கொசுக்கள் நோயைப் பரப்புகின்றன.' 'வதந்தி பரப்பியவர் கைது.' தலைமைப் பதிப்பாசிரியர் அட்டைகளைச் சீட்டாட்டக்காரர் போல விரித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இதெல்லாம் பேப்பர்ல வர்ற கொசும்மா. யார் காதுல ரீங்காரம் பண்ணுது? வாயிலேர்ந்து வந்தது ஒண்ணு கொண்டுவாங்க."

மேசைக்குத் திரும்பி அவள் அந்த நான்காம் பொருளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விஷயம் உறுத்தியது. கோதுமையைப் பரப்பினால் குவியல் மெலிகிறது. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம்தான் இருக்கும். செய்தி அப்படி இல்லை. நாற்பது பேருக்குச் சொன்னால் நாற்பது பேரிடமும் முழுசாகப் போய்ச் சேர்கிறது, சொன்னவரிடமும் முழுசாக மிச்சம் இருக்கிறது. ஒரே சொல்லை இரண்டுக்கும் எப்படிச் சொல்கிறோம் என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. நல்ல கேள்வி. ஆனால் காகிதத்தில் வந்த கேள்வி என்பதால் அவளுக்கு அது சுடவில்லை.

நான்கு நாள் கழித்து வாக்கியம் கிடைத்தது.

அலுவலகத்தில் பிழை பார்ப்பவர் ஒரே ஒருவர்தான். அச்சுக்குப் போகும் எந்தப் பக்கமும் அவர் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். மேலே புள்ளி வைக்காமல் விட்ட எழுத்தை மூன்றடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அவருக்குப் புள்ளியண்ணன் என்று பெயர். அட்டையக்காவுக்கும் அவருக்கும் பத்தொன்பது வருஷப் பழக்கம். தினமும் நாலு மணிக்கு இரண்டு பேரும் தேநீர் அறையில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அவள் தன் மகளின் கல்யாணப் பேச்சு முறிந்ததை முதலில் சொன்னது அவரிடம்தான். கணவரிடம்கூட அப்புறம்தான் சொன்னாள்.

அன்று அவர் டீயைத் தொடவில்லை. டம்ளரை மேசையில் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, டீ கசக்குதா?"

"வலது கண்ணுல நடுவுல ஒரு கறை மாதிரி இருக்கும்மா. ஓரமெல்லாம் தெரியுது. எதை நேரா பார்க்கறேனோ அது காணாமப் போயிடுது."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். டாக்டர்கிட்ட போனேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாரு. அவங்க ரெண்டு மாசம் தள்ளித்தான் தேதி கொடுத்திருக்காங்க. என்ன ஏதுனு தெரிஞ்ச பிறகு, பக்குவமா உக்காரவெச்சு அவகிட்ட சொல்லணும். அவ அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கேட்டா உடைஞ்சுபோயிடுவா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் கண்ணு விஷயத்தைப் பரப்பிடாதம்மா, நானே என் வீட்டுக்காரிகிட்ட இன்னும் சொல்லல."

"சத்தியமா சொல்ல மாட்டேன் அண்ணே" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் மூச்சுவிடவில்லை. படுக்கையில் புரண்டுகொண்டிருந்தவளை "என்ன, எந்தச் சொல்லு தூங்கவிடல?" என்று அவர் கிண்டலாகக் கேட்டபோதும், "ஒண்ணுமில்ல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆனால் டீ குடித்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்த சூட்டிலேயே கை பையைத் திறந்து அட்டையை எடுத்திருந்தது. வாயைக் கட்டியவள் கையைக் கட்ட மறந்துவிட்டாள். 'என் கண்ணு விஷயத்தைப் பரப்பிடாதம்மா, நானே என் வீட்டுக்காரிகிட்ட இன்னும் சொல்லல.' கீழே: பிழை பார்ப்பவர், அலுவலகத் தேநீர் அறை, மாதம். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. எழுதி முடித்ததும் அவளுக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம்கூட வந்தது என்பதை மறைத்து என்ன பயன்? வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வந்து நான்காம் பொருளில் உட்கார்ந்த வாக்கியம். அவள் பார்த்தது வாக்கியத்தை. அதற்குள் இருந்த ஆள் அவள் கண்ணில் படவில்லை. பத்தொன்பது வருஷமாக நாளுக்கு ஏழெட்டு அட்டை எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு குருடு வருவது உண்டு. அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் தேதி தருவதில்லை.

அட்டை பெட்டிக்குப் போனது. பெட்டி தட்டச்சுக்குப் போனது. பக்கம் அச்சாகி நாற்பது உறைகளில் நாற்பது ஊருக்குப் போனது.

ஒரு வியாழக்கிழமை காலை, திரும்பி வந்த முதல் உறையைப் பிரித்தாள். ஓய்வுபெற்ற டாக்டருடையது. ப வரிசை மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'எடுத்துக்காட்டு நன்று. ஆனால் இந்தப் பிழை பார்ப்பவரை உடனே கண் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். தள்ளிப்போடக் கூடாது.'

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வரியை முதல் தடவையாகப் படிப்பது போலப் படித்தாள். ஊரெல்லாம் அகராதி வாசகர்கள் இல்லைதான். ஆனால் அலுவலகத்தில் பிழை பார்ப்பவர் ஒருத்தர்தான். திங்கட்கிழமை எல்லா உறைகளும் தலைமைப் பதிப்பாசிரியர் மேசைக்குப் போயாக வேண்டும். கண் தெரியாத ஒருவரைப் பிழை பார்க்க யார் வைத்துக்கொள்வார்கள்?

முதலில் அவள் செய்தது கோழைத்தனம். டாக்டரின் உறையை எடுத்துக் கைப்பைக்குள் செருகிக்கொண்டாள். அடுத்து செய்தது முட்டாள்தனம். வாசகர் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடச் சொல்லலாம் என்று தொலைபேசியை எடுத்தாள்.

முதலில் வக்கீல்.

"ப வரிசையா? உறையை நான் இன்னும் பிரிக்கவே இல்லையேம்மா. இருங்க, இருங்க. மூணாம் பக்கம்தானே? பரப்பு... நாலாவது பொருள்... ஐயையோ! யாரும்மா இது? உங்க ஆபீஸ்ல இருக்கிறவரா?"

"தப்பா அச்சாயிடுச்சு சார். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சேச்சே, நான் ஏன் சொல்லப் போறேன்" என்றவர், குரலைச் சற்றே திருப்பி, "இங்க வாயேன், இதைக் கேளு" என்று வீட்டுக்குள் யாரையோ அழைப்பது கேட்டது. அவள் வைத்துவிட்டாள்.

அடுத்து தையற்கடைக்காரர். "படிச்சேங்க்கா! நம்ம தொழிலுக்கும் கண்ணுதானே முதல். கடையில எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். காஜா எடுக்கற பொண்ணு அழுதுடுச்சு. இப்ப எப்படி இருக்காரு அவரு?"

எவ்வளவு அன்பான மனிதர்! அடக்கப் போனால் விஷயம் அகலமாகிக்கொண்டே போனது. மூன்றாவதாக ஒருவரை மட்டும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அதிகம் பேசாதவர். மாதிரிப் பக்கங்களில் கையெழுத்தைத் தவிர ஓர் எழுத்தும் எழுதி அனுப்பாதவர். அவள் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தாள்.

"நான் அவருக்குச் சகலைம்மா" என்றார். "என் வீட்டுக்காரியும் அவர் வீட்டுக்காரியும் அக்கா தங்கச்சி. பக்கம் மேசை மேல கிடந்துது, இவ எடுத்துப் படிச்சுட்டா. முந்தாநாளே போன் போட்டுத் தங்கச்சிகிட்ட கேட்டுட்டா."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டுப் பட்டியலை மடித்தாள். டாக்டரைத் தள்ளினால் முப்பத்தாறு பேர் பாக்கி இருந்தார்கள். கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்து, கூடத்தின் கோடியில் இருந்த புள்ளியண்ணன் அறைக்குப் போனாள்.

அவர் மேசை விளக்கை முகத்துக்கு நெருக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு, தலையை ஒருக்களித்து, ஓரக்கண்ணால் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படித்தான் படிக்கிறார் என்பதை இத்தனை நாள் கவனிக்கவில்லையே என்று அவளுக்கு உறைத்தது.

"அண்ணே, நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

"உக்காரு" என்றார். கேள்வி எதுவும் கேட்காமல் இழுப்பறையைத் திறந்து ஒரு பக்கத்தை எடுத்து அவள் முன் வைத்தார். ப வரிசை, மூன்றாம் பக்கம், பிழை பார்த்த படி. நான்காம் பொருளின் எடுத்துக்காட்டில் 'சொல்லல' என்பதன் இரண்டாம் எழுத்தில் புள்ளி விட்டுப்போயிருந்தது. அவர் அதை வட்டமிட்டு, ஓரத்தில் புள்ளி வைக்கும்படி குறித்து, கீழே தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டிருந்தார். தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது.

"பாத்தீங்களா? அப்பவே பாத்தீங்களா?"

"இன்னொரு கண்ணு நல்லாத்தானே இருக்கு."

"அப்ப ஏன் அண்ணே அடிக்கல? ஒரு கோடு போட்டிருந்தா போயிருக்குமே!"

"போடலாம்னுதான் பேனாவை எடுத்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்தவங்க எழுதினதுல எனக்குச் சௌகரியப்படலைனு ஒரு வரியை இதுவரைக்கும் அடிச்சதில்லம்மா. பிழையைத்தான் அடிக்கணும். இதுல என்ன பிழை? நான் சொன்னதுதானே. கண்ணு போறப்ப அந்தப் பழக்கத்தையும் சேர்த்து விட்டுடணுமானு தோணிச்சு. சகலை நாப்பதுல ஒருத்தர்னு தெரியும், அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். மனுஷன் ஒரு பக்கம் படிச்சதில்ல. அந்தத் தைரியத்துல விட்டுட்டேன். அவர் வீட்டுக்காரம்மா படிப்பாங்கனு யார் கண்டது?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"மூணு வாரமா உன்கூட டீ குடிச்சுக்கிட்டுதானே இருந்தேன்? தினமும் கேக்கணும்னு வருவேன். தெரியாம போட்டுட்டேன்னு நீ சொன்னா, நான் சொன்னது உன் காதுலயே ஏறலைனு அர்த்தம். தெரிஞ்சு போட்டேன்னு சொன்னா, அது வேற. ரெண்டுல எதைக் கேட்டா எனக்குத் தாங்கும்னு தெரியல. அதனால கேக்கல."

அவள் அழுதாள். அலுவலகத்தில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அவர் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. விளக்கை மட்டும் அவள் முகத்தில் படாமல் சற்றுத் திருப்பி வைத்தார்.

"அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள், அவருடைய மனைவியைப் பற்றி.

"ரெண்டு நாள் பேசல. கண்ணு போறதுக்கு இல்ல. ஊர்ல முகம் தெரியாத நாப்பது பேருக்குத் தெரிஞ்சது தனக்குத் தெரியலையேனு. இன்னிக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குத் தானே போன் போட்டுச் சண்டை புடிச்சு, தேதியை நாளைக்கே மாத்திட்டா. அவகிட்ட நான் சொல்ல வேண்டியதை ஒரு மாசமா மனசுக்குள்ள எழுதி எழுதித் திருத்தி வெச்சிருந்தேம்மா. அது அப்படியே நின்னுபோச்சு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சார்கிட்ட நானே காலையில சொல்லிட்டேன். உன் பையிலேர்ந்து ஒரு வாசகர் உறை எட்டிப் பாக்குதே, அதை எதுக்கு ஒளிச்சு வெச்சிருக்கே? கொண்டுபோய்க் கொடு."

கொடுத்தாள். தலைமைப் பதிப்பாசிரியர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பொடி எழுத்து அட்டவணைகளைப் புள்ளியண்ணனிடமிருந்து எடுத்து வெளியாளிடம் கொடுத்தார். மற்ற பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அவருக்கே தரச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கண்ணில் ஊசி போட்டிருந்தார்கள், கறை இனி பெரிதாகாமல் இருக்கலாம் என்றார்கள். அட்டவணை போனதில் அவருக்கு வருத்தம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

நான்காம் பொருளிலிருந்து அந்த வாக்கியத்தை அவளே எடுத்தாள். விளக்கத்தின் கடைசியில் 'திரும்ப அள்ள முடியாதபடி' என்று மூன்று சொற்களைச் சேர்த்தும் பார்த்தாள். தலைமைப் பதிப்பாசிரியர் அடித்துவிட்டார். "அள்ள முடியுமா முடியாதானு அகராதி சொல்லக் கூடாதும்மா. அது உங்க வருத்தம்." இன்று அந்தப் புத்தகத்தைப் புரட்டினால், நான்காம் பொருளுக்கு நேரே கொசுதான் நோயைப் பரப்பிக்கொண்டிருக்கும்.

நாலு மணி டீ நிற்கவில்லை. ஆனால் அதில் ஒன்றும் இல்லாமல் போனது. வெயில் அதிகம் என்பார் அவர். ஆமாம் என்பாள் அவள். லிஃப்ட் மறுபடி பழுது என்பார். பேச்சு சற்றே வீட்டுப் பக்கம் திரும்பினால் அவர் பார்வை நேராக அவளுடைய கைப்பைக்குப் போகும். போனதும் பேச்சு நின்றுவிடும். "டீ ஆறுது, குடி" என்பார். பத்தொன்பது வருஷத்துப் பெட்டிகள் அத்தனையையும் கொடுத்தாவது அந்தப் பாதி வாக்கியங்களின் மீதியைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

ஒருநாள் கைப்பையைத் தன் நாற்காலியிலேயே மாட்டிவிட்டு வெறுங்கையோடு தேநீர் அறைக்குப் போனாள். அவர் பார்த்தார். வெயிலைப் பற்றிப் பேசினார்கள். மறுநாளும் அப்படியே. பதினோரு நாள் வெயில், லிஃப்ட், டீயில் சர்க்கரை.

பன்னிரண்டாம் நாள் அவர் டம்ளரை மேசையில் இப்படியும் அப்படியும் நகர்த்தினார். அவளுடைய இரண்டு கைகளும் மேசை மேல் இருந்தன. அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார், தலையை ஒருக்களித்து, ஓரக்கண்ணால். பிறகு, மனைவி அன்று காலை தன்னிடம் வந்து என்ன கேட்டாள், தான் என்ன பதில் சொன்னார் என்று மெதுவாகச் சொன்னார்.

நல்ல வாக்கியம். அதில் ஒரு சொல் இருந்தது; ஒன்றரை வருஷமாக அவள் எடுத்துக்காட்டுக் கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்த சொல், யாரும் அப்படி ஓர் இடத்தில் வைத்துச் சொல்லிக் கேட்டதே இல்லை. விரல்கள் ஒரு முறை துடித்தன. அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். அவள் கேட்டாள். என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்காதீர்கள்.